பதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்: லினக்ஸ் மாட்யூல்களின் அடையாளச் சோதனை

சாதாரண நிரல் ஒன்று தவறிழைத்தால் அது மட்டுமே வீழும். கர்னலுக்குள் ஏற்றப்படும் மாட்யூலோ கர்னலின் நினைவகத்திலேயே இயங்குகிறது. அதன் தவறு கணினி முழுவதையும் முடக்கலாம், தரவுகளை ஓசையின்றிச் சிதைக்கவும் செய்யலாம். ஆகவே, 'இந்த மாட்யூல் இந்தக் கர்னலுக்கு உரியதுதானா?' என்னும் வினா லினக்ஸ் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்துள்ளது.

1990களின் மாட்யூல்களில் இதற்கு எளிய விடை இருந்தது. எந்தக் கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதன் பதிப்பெண் மாட்யூலுக்குள் பொறிக்கப்பட்டது. ஏற்றும் வேளையில் அது ஒப்பிடப்பட்டது. ஆனால் பதிப்பெண் ஒரு பெயர் மட்டுமே. ஒரே மூலநிரலை ஒற்றைச் செயலிக்கும் பல செயலிகளுக்கும் தனித்தனியே தொகுத்தால், எண் மாறாதிருக்கும். உள்ளே தரவுக் கட்டமைப்புகளின் அளவுகள் மாறிவிடும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே மோட்வெர்ஷன்ஸ். கர்னல் பிறருக்கு வழங்கும் ஒவ்வொரு செயற்கூற்றின் தரவு வகைகளையும் ஜென்கெசிம்ஸ் என்னும் கருவி விரித்துப் பார்த்து, 32 பிட் சிஆர்சி எண்ணாகச் சுருக்கியது. 2.4 வரிசையில் அவ்வெண் செயற்கூற்றின் பெயரோடே ஒட்டப்பட்டது. பெயர் பொருந்தாவிடில் இணைப்பும் நிகழாது.

2002இல் ரஸ்டி ரஸ்ஸல் மாட்யூல் ஏற்றும் பணியைக் கர்னலுக்குள்ளேயே மாற்றியமைத்தார். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் பதிப்பெண்ணும் முக்கிய அமைவுத் தெரிவுகளும் 'வெர்மேஜிக்' என்னும் ஒரே வரியில் அமைந்தன. மாட்யூலை ஏற்றாமலே மோட்இன்ஃபோ கட்டளையால் அவ்வரியைப் படிக்கலாம். சிஆர்சி எண்கள் இருக்குமாயின், கர்னல் அவ்வரியின் பதிப்பெண் பகுதியை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டுமே ஒப்பிடுகிறது. பெயருக்கு இருந்த அதிகாரம் அமைப்பின் தடயத்திற்குக் கைமாறியது இவ்வாறே.

எனினும் தடயத்திற்கும் எல்லை உண்டு. சிஆர்சி வடிவத்தை அறியும், பொருளை அறியாது. தரவு வகைகள் மாறாமல் செயற்கூற்றின் நடத்தை மட்டும் மாறினால், சோதனை அதைக் கண்டறியாது. மேலும், ஜென்கெசிம்ஸ் சி மொழியின் மூலநிரலை மட்டுமே படிக்கவல்லது. கர்னலில் ரஸ்ட் மொழி நுழைந்தபின், தொகுத்த கோப்பிலுள்ள பிழைதிருத்தத் தகவலிலிருந்தே எண்ணைக் கணிக்கும் புதிய கருவி 2025இல் சேர்க்கப்பட்டது.

பயனர் விரும்பினால் இச்சோதனைகளை மீறி மாட்யூலைக் கட்டாயமாக ஏற்ற இயலும். அப்போது கர்னல் தன்மீதே 'எஃப்' என்னும் கறைக்குறியை இட்டுக்கொள்கிறது. பின்னர் நேரும் வீழ்ச்சியை ஆராய்பவருக்கு அக்குறியே முதற்சான்று.