வைத்தியசாலைக் கழிவும் தீயும்

திருகோணமலை மாவட்டத்திலே கப்பல்துறை என்னும் பெயருடைய ஊர் ஒன்று உண்டு. கப்பல் வந்து சேரும் இடம் என்பதே அப்பெயரின் பொருள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்துக்கு அது பொருத்தமான பெயரே. ஆனால் கப்பல்கள் பண்டங்களை மட்டும் கொண்டுவந்தனவல்ல, நோயையும் கொண்டுவந்தன. 1896ஆம் ஆண்டில் பம்பாயிலே பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டிலேயே இலங்கையில் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. எனினும் 1914இல் அந்நோய் கொழும்பை எட்டிவிட்டது.

நோயாளியின் துணியையும் புண்ணில் ஒற்றிய பஞ்சையும் யாது செய்வது? அக்காலத்தவர் கண்ட விடை தீ. 1874இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் அல்பிரட் பிரையர் என்பார் வகுத்த முறைப்படி குப்பை எரிக்கும் உலை எழுந்தது. ஈராண்டுகளின் பின் ஜேர்மனியில் றொபேட் கொக் என்னும் அறிஞர், அந்திராக்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நிறுவினார். தீயின்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கைக்கு அறிவியலின் துணையும் கிடைத்தது. பஞ்சும் துணியும் சாம்பலாயின; கிருமியும் மாண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கழிவின் இயல்பே மாறிற்று. கொதிநீரிலிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்திய கண்ணாடி ஊசிக்குழல்களின் இடத்தை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குழல்கள் பிடித்தன. குளோரீன் கலந்த பிளாஸ்டிக்கை நெறியின்றி எரித்தால் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றும். அது காற்றிற் பரந்து, புல்லிற் படிந்து, பாலிலும் மீனிலும் சேர்ந்து, ஈற்றில் மனித உடலின் கொழுப்பிலே தங்கிவிடும்.

1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், டில்லியில் 50 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட வைத்தியசாலைகள் எரிசூளை அமைக்க வேண்டுமென ஆணையிட்டது. சூளைகள் பெருகினால் நச்சுப்புகையும் பெருகுமே என்று சூழல் காப்போர் வாதிட்டனர். அதன்பின், ஈடான பிற முறைகளையும் கையாளலாம் என ஆணை திருத்தப்பெற்றது. 1998இல் வந்த விதிகள் குளோரீன் பிளாஸ்டிக்கை எரிப்பதை விலக்கின. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும், டயொக்சின் தோன்றும் இடங்களுள் வைத்தியசாலைக் கழிவுச் சூளையைக் குறிப்பிட்டது.

அப்படியாயின் எரிசூளை வேண்டாவா? வேண்டும், ஆனால் நெறியோடு வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் அறையில் வெப்பம் 800 பாகை செல்சியசுக்குக் குறைதலாகாது. அங்கு எழும் புகை, ஏறத்தாழ 1050 பாகை வெப்பமுள்ள இரண்டாம் அறையில் இரண்டு விநாடியேனும் தங்குதல் வேண்டும். எஞ்சும் சாம்பலையும் கண்ட இடத்தில் கொட்டலாகாது.

சுகாதார நிலையங்களின் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் சாதாரணக் குப்பையே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபத்தானது எஞ்சிய 15 வீதமே. ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் இட்டால் அனைத்தும் ஆபத்தானதாகிவிடும். பஞ்சுக்குள் மறைந்த ஊசி முதலில் குத்துவது துப்புரவுத் தொழிலாளியின் கையையே.

தன் கழிவைப் பிறர் கரைக்கு அனுப்பிவிடுவதும் தீர்வாகாது. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்தன. பழைய மெத்தைகளும் கம்பளங்களும் என்று அவை குறிக்கப்பட்டிருந்தன. உள்ளே வைத்தியசாலைக் கழிவும் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் கூறினர். மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது; 2022 பெப்ரவரியில் இறுதிக் கொள்கலன்களும் திருப்பி அனுப்பப்பெற்றன.

அன்று கப்பலில் வந்த நோயைத் துறைமுக வாயிலிலேயே தடுக்க முயன்றனர். இன்று காவல் தொடங்க வேண்டிய இடம் நோயாளியின் கட்டிலருகே உள்ள கூடை. ஊசியை ஊசிக்குரிய பெட்டியிலும், குருதி தோய்ந்த பஞ்சை அதற்குரிய பையிலும் அங்கேயே பிரித்திட்டால், சூளைக்குச் செல்வது சிறிதாகும். தொழிலாளியின் கையும் ஊராரின் மூச்சும் காக்கப்படும்.