மெடிக்கல் கார்டு பிரீமியம் ஏன் இப்படி ஏறுது? பினாங்கிலிருந்து ஒரு பார்வை

2024 கடைசியில் மலேசியாவில் பல வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்தது. மருத்துவக் காப்புறுதி பிரீமியம் உயர்கிறது, சிலருக்கு 40 முதல் 70 விழுக்காடு வரை. மாதம் 200 ரிங்கிட் கட்டியவர் இனி 280, இல்லாவிட்டால் 340 ரிங்கிட் கட்டணும். வயது கூடக் கூட பிரீமியமும் கூடும் என்பதால், சம்பளம் நின்றுபோன அப்பா அம்மாவுக்குத்தான் இது பெரிய அடி.

எதிர்ப்பு கிளம்பியதும், 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை ஒரே அடியாகப் போடாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், இந்த ஏற்பாடு 2026 இறுதி வரை நீடிக்கும் என்றது. 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, ஆகக் குறைந்த திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஓராண்டு உயர்வே கிடையாது என்றும் சொன்னது. கவனிக்க: உயர்வு ரத்தாகவில்லை. தவணை முறையில் வருகிறது, அவ்வளவுதான்.

பணம் எங்கே போகுது?

2021 முதல் 2023 வரை மருத்துவக் கிளைம் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறியது, வசூலான பிரீமியம் 21 விழுக்காடுதான் கூடியது என்கிறது பேங்க் நெகாரா. 2024இல் மலேசியாவின் மருத்துவப் பணவீக்கம் 15 விழுக்காடு. உலகச் சராசரி சுமார் 10. ஆண்டுக்கு 15 என்றால், ஐந்தே வருஷத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும்.

தனியார் மருத்துவமனை பில்லை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்க. டாக்டர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, கையுறை, ஊசி போன்றவற்றுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். முழுத் தொகையையும் காப்புறுதி கட்டுகிறது என்றால் விலையை யார் கேட்கப் போறா? நோயாளியும் கேட்பதில்லை, மருத்துவமனையும் சொல்வதில்லை.

ஜார்ஜ்டவுனில் இது கண்ணெதிரே தெரியும். மேடானிலிருந்து இந்தோனேசியர்கள் சிகிச்சைக்கு வந்து போகும் ஊர் இது. 2024இல் ஐலண்ட் மருத்துவமனையை ஐஎச்எச் குழுமம் 3.92 பில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. பினாங்கின் கிளெனீகல்ஸ், பந்தாய் மருத்துவமனைகளும் அதே குழுமத்துடையவை. இதனால்தான் பில் ஏறியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போட்டி குறைந்த சந்தையில் விலை தானாக இறங்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

சீர்திருத்தம் என்கிறார்களே, அது என்ன?

2024 செப்டம்பர் முதல் காப்புறுதி நிறுவனங்கள் 'கோ-பேமண்ட்' திட்டங்களையும் தர வேண்டும். பில்லில் குறைந்தது 5 விழுக்காட்டை, அல்லது முதல் 500 ரிங்கிட்டை நீங்க கட்டணும். பதிலுக்குப் பிரீமியம் குறையும். அவசர சிகிச்சைக்கும், புற்றுநோய், சிறுநீரகத் தொடர் சிகிச்சைக்கும் விலக்கு உண்டு.

2025இல் நிதி, சுகாதார அமைச்சுகள் சேர்ந்து 'ரீசெட்' என்ற திட்டத்தை முன்வைத்தன. அதில் முக்கியமானது கட்டண முறையை மாற்றும் யோசனை. பொருள் பொருளாக பில் போடாமல், இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாக நிர்ணயிப்பது. எல்லாரும் வாங்கக்கூடிய ஓர் அடிப்படைக் காப்புறுதியும் அதில் உண்டு.

அதிகம் சண்டை நடப்பது இ.பி.எஃப் விஷயத்தில். இரண்டாம் கணக்கிலிருந்து பிரீமியம் கட்ட அனுமதிக்கலாம் என்ற யோசனை சுகாதார அமைச்சிலிருந்து வந்தது. ஓய்வுகாலச் சேமிப்பை எடுத்து, ஆண்டுதோறும் ஏறும் பில்லுக்குக் கொடுப்பதா என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. செலவு ஏறுவதைத் தடுக்காமல் பணம் வரும் குழாயை மட்டும் அகலமாக்கினால், அந்தக் கேள்வி நியாயம்தான்.

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் இன்னமும் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்புப் படுக்கை நாளுக்கு 3 ரிங்கிட். அதனால்தான் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சுகாதாரத்தைத் தனியார்மயமாக்குவதை நெடுங்காலமாக எதிர்த்து வருகிறது. ஆனால் அங்கே காத்திருக்கும் நேரமும் ஒரு விலைதான். கார்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் வாங்குகிறார்கள்.

அப்போ கார்டை நிறுத்திடலாமா?

அவசரப்படாதீங்க. நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக வாங்கினால், இடையில் வந்த சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அதைவிட, அதே நிறுவனத்தில் குறைந்த பிரீமியத் திட்டம் இருக்கிறதா என்று ஏஜென்டைக் கேளுங்க. உங்க பாலிசி முதலீட்டோடு சேர்ந்ததா என்றும் பாருங்க. அந்த வகையில் காப்புறுதிக் கட்டணம் உங்கள் முதலீட்டிலிருந்தே கழிக்கப்படும். கட்டணம் ஏறி, முதலீடு கரைந்து தீர்ந்தால், மாதாமாதம் சரியாகக் கட்டி வந்தவருடைய பாலிசியும் காலாவதியாகலாம். நிறுவனம் ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கையில் மீதித் தொகை இருக்கும். அப்பா அம்மாவுக்கு வந்த அறிக்கையை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்க.