சேலம் மாவட்டக் கூட்டுறவுச் சங்கங்களும் நியாயவிலைக் கடையும்

ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் 'சொசைட்டிக்குப் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் பயிர்க்கடன் வாங்கப் போகலாம், நகையை மீட்கப் போகலாம், உரம் வாங்கப் போகலாம், ரேஷன் அரிசிக்கும் போகலாம். எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான் இடம். பிற மாநிலங்கள் பலவற்றில் ரேஷன் கடை உரிமம் பெற்ற தனி வணிகரின் கடை. தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலான நியாயவிலைக் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. எஞ்சியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்திடமும் மகளிர் குழுக்களிடமும் உள்ளன. கடன் கொடுக்கப் பிறந்த சங்கம் அரிசி அளக்கும் இடமாக மாறியதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சேவை பெருகியது. ஊராரின் பொறுப்பு அதே அளவுக்குப் பெருகவில்லை.

கடனில் தொடங்கியது

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. மழையை நம்பிய மேட்டு நிலம், கிணற்றுப் பாசனம், விதைக்கும் மாட்டுக்கும் வட்டிக் கடன் என்பதே இப்பகுதி உழவரின் நிலை. சென்னை மாகாண அரசு கிராமக் கடன் பற்றி ஆராய பிரெடரிக் நிக்கல்சனை நியமித்தது. அண்டை மாவட்டமான கோயம்புத்தூரின் கையேட்டை எழுதியவர் அவரே. 1895இலும் 1897இலும் வெளிவந்த அவரது அறிக்கை, ஜெர்மனியின் ரைபைசன் முறைச் சங்கங்களை இங்கும் தோற்றுவிக்கலாம் என்றது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

அந்த முறையின் உயிர்நாடி வரையறையற்ற பொறுப்பு. சங்கம் பட்ட கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரின் முழுச் சொத்தும் ஈடு. பக்கத்து வீட்டுக்காரர் உழவுக்கென்று வாங்கிய கடனைக் கல்யாணத்துக்குச் செலவிட்டால் நட்டம் தம் தலையிலும் விழும் என்பதால், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை உறுப்பினர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். நிலமற்றவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈடு வைக்கச் சொத்து இல்லாதவரை யாரும் சேர்த்துக்கொள்ள முன்வரவில்லை.

இக்கிராமச் சங்கங்களுக்குப் பணம் தரும் மாவட்ட மத்திய வங்கி சேலத்தில் 1909இலேயே அமைந்தது. இத்தகைய வங்கிகளுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்ததோ 1912இல்தான்.

மதுவிலக்குக் காலம்

சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். நூற்பு, நெசவுக் கூலி, மருந்தகம், மது எதிர்ப்புப் பரப்புரை என அரசு செய்யாத வேலைகளை ஆசிரமம் செய்தது. 1937இல் அவர் மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவையும் அப்போது இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இங்கே கூட்டுறவுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. அவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதற்குச் சங்கங்கள் அமைந்தன. குடிக்குப் போன காசைச் சேமிக்கச் சிக்கனச் சங்கங்களும் ஏற்பட்டன. ஓர் அரசுக் கொள்கையை ஊருக்குள் கொண்டுசெல்லும் கருவியாகச் சங்கம் பயன்பட்டதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை இம்மாவட்டத்தில் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். போர்க்காலத்தில் மாகாணத்தின் மதுவிலக்கு கைவிடப்பட்டது.

அரிசி வந்த வழி

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரத்து நின்றது. பங்கீடு வந்தது, கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 1952இல் முதலமைச்சராக மீண்டும் வந்த இராஜாஜியே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு அரசியலையே புரட்டிப்போட்ட பிறகு பங்கீடு நிலைபெற்றது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. கழகம் கொள்முதல் செய்து கிடங்கில் வைக்கும். சங்கம் ஊரில் அளந்து கொடுக்கும். ஊர்தோறும் முன்பே ஒரு கட்டடமும், ஓர் எழுத்தரும், தராசும் இருந்ததால்தான் அரசு இதை இவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்தது எனலாம்.

இதற்கிடையே சங்கமே மாறியிருந்தது. 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை பெரிய சங்கங்களையும் வரையறுத்த பொறுப்பையும் அரசின் பங்கு முதலீட்டையும் பரிந்துரைத்தது. பல ஊர்களுக்கு ஒரு சங்கம் என்றானது. அண்டை வீட்டாரின் கடனைக் கண்காணிக்க வேண்டிய தேவை போயிற்று. அரசு பங்குதாரராக உள்ளே வந்தது.

உறுப்பினர் யார்?

1976இல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் இடத்தில் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். அடுத்த தேர்தல் 1996இல்தான். இருபது ஆண்டுகள் உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. 1983இன் புதிய கூட்டுறவுச் சட்டமும் இந்தக் காலத்தில்தான் இயற்றப்பட்டது. 2001இல் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். நிர்வாகக் குழுக்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை வகுத்த 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2012இல் நடைமுறைக்கு வந்தபின், 2013இல் தேர்தல் நடந்தது.

வாக்கு இல்லாத ஆண்டுகளிலும் அரிசி வராமல் இல்லை. ஆகவே அந்த வெற்றிடத்தைப் பலர் உணரவில்லை. குடும்ப அட்டை வைத்திருப்பவர் அந்த அட்டையாலேயே சங்க உறுப்பினராகிவிடுவதில்லை. எடை குறைந்தால் அவர் வட்ட வழங்கல் அலுவலரிடம் முறையிடுவார். சங்கத்தின் பொதுப்பேரவையில் எழுந்து கேட்கும் உரிமை பங்குத்தொகை செலுத்திய உறுப்பினருக்கே உண்டு.

அதே ஊரின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் நிலைமை வேறு. அங்கே காலையும் மாலையும் பால் ஊற்றுபவர்தான் உறுப்பினர். பட்டுவாடா தள்ளிப்போனால் மறுவாரமே கேனைத் தனியார் பால் பண்ணையின் வண்டியில் ஏற்றிவிட அவரால் முடியும். சங்கத்துக்கும் அது தெரியும். ரேஷன் வரிசையில் நின்றவருக்கு நெடுங்காலம் அப்படி மாறிப் போக வேறு கடை இருந்ததில்லை. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்புக் குழுக்களுக்கும் சமூகத் தணிக்கைக்கும் இடம் வகுத்திருக்கிறது. கிராமசபையில் ரேஷன் கடைக் கணக்கைக் கேட்பதற்குச் சங்கத்தில் பங்கு வைத்திருக்க வேண்டியதில்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.