கொழும்பில் நீச்சல் பழகிய பையன்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கிரிக்கெட் இல்லை, அரசியல் இல்லை. 1976இல் நடந்த ஒரு நீச்சல் பந்தயம் பற்றி. பந்தயம் என்னவோ இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்குத்தான் இத்தனை வருஷமாக முடியவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் எனக்கு 17 வயது. சிதம்பரத்தில் சாயங்காலம் ஆனால் நூலகத்துக்குப் போய் பேப்பர் படிப்பது வழக்கம். எமர்ஜென்சி காலம். முதல் பக்கத்தில் படிக்க ஒன்றும் இருக்காது, அதனால் நேராகக் கடைசிப் பக்கம்தான். மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. முதல் முறையாக ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். நம் அணி 7ஆவது இடத்துக்குப் போனது. ஒரு பதக்கம்கூட இல்லாமல் திரும்பினோம். நூலகத்தில் பெரியவர்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சோகத்துக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. ஆண்கள் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் வில்கி தங்கம் வென்றார், அவர் பிறந்தது கொழும்பில் என்று. காலை எழுந்ததும் இலங்கை வானொலியைத் திருகுகிற ஊர் எங்களுடையது. கொழும்பு எங்களுக்கு வெளிநாடே இல்லை. யாரோ பக்கத்துத் தெருப் பையன் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் தவளை நீச்சல். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, கான்சாகிப் வாய்க்காலில் என் தாத்தா எனக்குப் பழக்கிவிட்டது அதுதான். (முதலை இருக்கிற வாய்க்கால் என்று பிறகுதான் சொன்னார். சிதம்பரத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) இரண்டு கையும் சேர்ந்து விரிய வேண்டும், இரண்டு காலும் சேர்ந்து உதைக்க வேண்டும். பந்தய நீச்சல் நான்கில் இதுதான் மெதுவானது. கையும் காலும் முன்னால் மடங்கி வரும்போது தண்ணீர் நம்மைப் பின்னால் இழுக்கும். ஆனால் தலையை வெளியே வைத்து, மூச்சு வாங்கி, வெகுநேரம் தாக்குப்பிடிக்கலாம். 1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்ததும் இந்த நீச்சலில்தான்.

வில்கிக்கு வருகிறேன். 1954இல் கொழும்பில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கொழும்பு ஸ்விம்மிங் கிளப்பில் தண்ணீரில் இறங்கிப் பழகினார். அது வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கிளப். 11 வயதில் எடின்பரோவுக்கு, விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலிலும் கடலிலும் வளர்ந்த பிள்ளையை அந்தக் குளிரில் கொண்டுபோய் விட்டால் என்ன பாடுபட்டிருக்கும் என்று, விடுதி மாணவர்களைப் பார்த்துப் பழகிய எனக்குக் கொஞ்சம் தெரியும். அங்கே வாரண்டர் பாத்ஸ் கிளப்பில் சேர்ந்தார். 1970 காமன்வெல்த் போட்டியில், 16 வயதில், வெண்கலம். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 200 மீட்டரில் வெள்ளி. தங்கம் அமெரிக்கர் ஜான் ஹென்கனுக்கு.

அதற்குப் பிறகு வில்கி செய்ததுதான் விசேஷம். எதிராளி எங்கே பயிற்சி எடுக்கிறானோ அந்த நாட்டுக்கே போய்விட்டார். மியாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அமெரிக்கர்களோடு அமெரிக்கராகக் குளத்தில் கிடந்தார். 1973 உலகப் போட்டியில் 200 மீட்டர் தங்கம். 1975இல் 100, 200 இரண்டிலும் தங்கம். மீசை வைத்துக்கொண்டு, தலையில் தொப்பி, கண்ணில் நீச்சல் கண்ணாடி என்று வருவார். இன்று குளத்துக்குப் போகிற குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மான்ட்ரியலில் முதலில் 100 மீட்டர். ஹென்கன் தங்கம், வில்கி வெள்ளி. மறுபடியும் அதே ஆள், அதே இடம். ஜூலை 24 அன்று 200 மீட்டர் இறுதிப் போட்டி. அதுவரை உலகச் சாதனை 2 நிமிடம் 18.21 விநாடி, வைத்திருந்தவரும் ஹென்கன்தான். முதல் பாதியில் ஹென்கன் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் வில்கி தனியாக விலகிப் போனார். இப்போது இணையத்தில் அந்தப் படம் கிடைக்கிறது, பாருங்கள். அவசரமே தெரியாது. ஒவ்வொரு உதைக்கும் உடம்பு நீண்டு வழுக்கிக்கொண்டு போகும். முடித்த நேரம் 2:15.11. பழைய சாதனையை 3 விநாடிக்கு மேல் உடைத்துவிட்டார். ஹென்கன் 2:17.26. அவரும் தன் பழைய சாதனையைவிட வேகமாகத்தான் நீந்தினார், பாவம், இரண்டாவது வந்தார்.

அந்த ஒலிம்பிக்ஸில் ஆண்கள் நீச்சலில் மொத்தம் 13 போட்டிகள். 12 தங்கம் அமெரிக்கா. மிச்சம் ஒன்றே ஒன்று இது. பிரிட்டிஷ் ஆண்கள் நீச்சலில் தங்கம் பார்த்து 68 வருஷம் ஆகியிருந்தது. 1908 லண்டனில் ஃபிரடெரிக் ஹோல்மன் வென்றதும் இதே 200 மீட்டர் தவளை நீச்சல்தான். வில்கி 22 வயதிலேயே பந்தயத்தை விட்டுவிட்டார். அந்த நேரத்தை 1982இல்தான் கனடாவின் விக்டர் டேவிஸ் உடைத்தார். 2024 மே மாதம் வில்கி காலமானார்.

வில்கியை நினைத்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அதே தீவின் வடமுனையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் அங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்து, திரும்பவும் நீந்திப் போனார். 51 மணி நேரம். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரை விட்டார். அவருக்குக் கிடைத்தது கடல், வில்கிக்குக் கிடைத்தது குளமும் கடிகாரமும். இருவரில் யார் பெரியவர் என்று நான் கேட்கவில்லை. ஒலிம்பிக்ஸில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

சட்டப் புத்தகத்தையும் பார்ப்பார்கள். இந்த நீச்சலுக்கு இருக்கிற சட்டம் வேறு எதற்கும் இல்லை. 1930களில் சிலர் கையைத் தண்ணீருக்கு மேலே வீச ஆரம்பித்தார்கள். சட்டத்தில் தடை இல்லை. கடைசியில் அதைப் பிரித்து பட்டர்ஃபிளை என்று தனி நீச்சலாக்கினார்கள். 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகவா நீளத்தின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே, நம்ம ஊர் முங்கு நீச்சல் மாதிரி, போய்த் தங்கம் வாங்கினார். உடனே அதற்கும் தடை. அப்புறம், சுவரைத் தொடும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டம் எனக்குத் தெரியாமல் போனது.

1990களில் நான் வேலை பார்த்த பள்ளியில் கொள்ளிடக்கரைப் பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். தண்ணீரில் அவனைப் பார்க்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால், வரலாற்று வாத்தியாரான நானே அவனை ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனேன். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக டைல்ஸ் போட்ட குளத்தைப் பார்த்தான். அடித்தரை தெரிகிறதே சார் என்று பயந்தான். விசில் அடித்ததும் பாய்ந்தான். ஓர் ஆள் நீளம் முன்னால் வந்து, வலது கையால் சுவரைத் தொட்டுத் திரும்பிச் சிரித்தான்.

தகுதி நீக்கம். நான் நடுவரிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படாமல் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் சொன்னது சரி. தப்பு என்னுடையது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன், "பரவாயில்ல சார், குளம் நல்லா இருந்துச்சு" என்றான். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கே வரவில்லை.

2014 இன்சியான் ஆசியப் போட்டியில் டெல்லிக்காரர் சந்தீப் சேஜ்வால் 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 28.26 விநாடியில் வெண்கலம் வாங்கியபோது இவன் நினைவுதான் வந்தது. அதில் தங்கம் வென்ற கஜகஸ்தானின் திமித்ரி பலாந்தின், இரண்டு வருஷம் கழித்து ரியோவில் ஓரத்து 8ஆவது பாதையிலிருந்து வந்து 200 மீட்டர் ஒலிம்பிக் தங்கத்தையே தூக்கிக்கொண்டு போனார். சேஜ்வால் அவரோடு ஒரே மேடையில் நின்றவர்.

பதக்கம் கிடக்கட்டும். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் கீழ் அருங்குணத்தில், கெடிலத்தில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள். எல்லாரும் சிறுமிகள், இளம்பெண்கள். கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறும் ஒரு கடலும் உள்ள மாவட்டம் இது. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பித்தாகரஸைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். தலையை வெளியே வைத்து ஐந்து நிமிடம் மிதக்கச் சொல்லிக் கொடுத்தோமா? 30 வருஷம் வாத்தியாராக இருந்த நானும் செய்யவில்லை. பெண் பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடாமல் வளர்த்தோம்.

போன கோடையில் கடலூரில் ஒரு கடை வாசலில், "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். தலை நரைத்திருந்தது. சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது படகு வைத்திருக்கிறானாம். கூடவே மகள், ஏழாவது படிக்கிறாள், கையில் ஈரத் துண்டு. நீச்சல் வகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னான்.

"என்ன நீச்சல் பழகுறேம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சார். தவளை மட்டும் அப்பா சொல்லித்தராங்க."

டீ வாங்கிக் கொடுத்து, என் போனில் மான்ட்ரியல் பந்தயத்தைத் தேடி அவளுக்குக் காட்டினேன். அவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். வில்கி சுவரைத் தொட்ட இடத்தில், "நிறுத்துங்க சார், திரும்ப ஒருவாட்டி" என்றான். பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். மகளின் தோளில் தட்டி, "ரெண்டு கையும் பாத்தியா?" என்றான்.

அவளுக்கு அதில் எல்லாம் கவனம் இல்லை. இந்த மாமா ஏன் மீசையை எடுக்காமல் நீந்துகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.