ரேடார் எதிரொலி குறைக்கும் பரப்புகள்

உலோகப் பொருளிலிருந்து ரேடாருக்குத் திரும்பும் அலையைக் குறைப்பதற்காக, அதன்மேல் போர்த்தும் வடிவமைக்கப்பட்ட படலங்கள். உலோகம் தன்மேல் படும் ரேடியோ அலையை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிவிடும். ரேடாரின் திசைக்கு எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சொல்லும் அளவு ‘ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு’. அதைப் பத்தில் ஒன்றாக்குவது 10 டெசிபெல் குறைப்பு. கேட்கப் பெரிதாக இருந்தாலும், ரேடார் எட்டும் தொலைவு இந்த அளவின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது என்பதால், 100 கி.மீ.யில் தென்பட்ட பொருள் இனி 56 கி.மீ.யில் தென்படும், அவ்வளவுதான். போர் விமானங்களில் பெரும்பங்கு வேலையைச் செய்வது உடலின் வடிவம். படலம் அதற்குத் துணை.

மிக எளிய அமைப்பு சாலிஸ்பரி திரை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இயற்பியலர் வின்ஃபீல்ட் சாலிஸ்பரி உருவாக்கிய இதற்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது. உலோகத்தை ஒட்டினாற்போல் மின்புலம் சுழியாக இருக்கும். கால் அலைநீளம் தள்ளி உச்சத்தில் இருக்கும். அந்த உச்சத்தில், வெற்றுவெளியின் மின்மறுப்புக்குச் சமமாகச் சதுரத்துக்கு 377 ஓம் தடையுள்ள தாளை நிறுத்தினால், வந்த அலை வெப்பமாகித் தீர்ந்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்த இடைவெளி 7.5 மி.மீ. அதே திரையின்மேல் 20 கிகாஹெர்ட்ஸ் அலை விழட்டும்: இடைவெளி இப்போது அரை அலைநீளம், தாள் இருக்கும் இடத்தில் மின்புலமே இல்லை. திரை இருந்தும் இல்லாததுபோல்தான்.

அலையை விழுங்காமல் திசைதிருப்புவது இன்னொரு வழி. வெறும் உலோகம் மின்புலத்தைத் தலைகீழாக்கித் திருப்பும். டேனியல் சீவன்பைப்பரும் அவருடைய கூட்டாளிகளும் 1999இல் விவரித்த பரப்பு அப்படியல்ல. உலோகத் தளத்தின்மேல் மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் காளான் குடைபோலச் சிறு உலோகத் தகடுகளும் நிற்கும். ஒத்திசைவு அதிர்வெண்ணில் அது அலையைத் தலைகீழாக்காமல் திருப்புகிறது. இவ்விரு பரப்புகளையும் சதுரங்கக் கட்டங்களாக மாற்றி மாற்றிப் பதித்தால், நேர்த்திசையில் ஒன்றின் எதிரொலியை மற்றது அழித்துவிடும். 2007இல் பகே குழுவினர் இதைச் செய்துகாட்டினர். ஆற்றல் எங்கும் தொலையவில்லை. நான்கு மூலைவிட்டத் திசைகளில் கிளம்பிப் போகிறது. அங்கே வேறொரு ஏற்பி காத்திருந்தால் பொருள் அகப்பட்டுவிடும்.

மீண்டும் அலையை விழுங்கும் வழிக்கு வந்தால், 2008இல் லாண்டி குழுவினர் அறிவித்த மீப்பொருள் (அலைநீளத்தைவிடச் சிறிய செயற்கை அமைப்புகளால் ஆன பொருள்) உறிஞ்சி, அலைநீளத்தைவிட மிக மெல்லியது. ‘முழுமையான உறிஞ்சி’ என்ற அதன் பெயர் கொஞ்சம் மிகை: ஆய்வில் அளந்த உச்ச உறிஞ்சல் 11.5 கிகாஹெர்ட்ஸ் அருகே சுமார் 88 விழுக்காடு, அதுவும் குறுகிய பட்டையில்.

இந்தக் குறுகல் வடிவமைப்பாளரின் திறமைக்குறைவு அல்ல. உலோகத் தளத்தின்மேல் போர்த்தும் உறிஞ்சியின் தடிமனுக்கும் பட்டை அகலத்துக்கும் உள்ள எல்லையை ரொசானோவ் 2000இல் கணக்கிட்டார். 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை 10 டெசிபெல் குறைக்க, காந்தத்தன்மை இல்லாத படலம் எந்த வேலைப்பாட்டோடு இருந்தாலும் சுமார் 8 மி.மீ. தடிமன் வேண்டும். இரும்புத் துகள் கலந்த படலம் இதைவிட மெல்லியதாகலாம். ஆனால் எடை கூடும்.