விழுந்த பொதி சொன்ன சேதி

கொரோனா காலத்தில் சூம் வகுப்பு நடத்தியபோது, 'சேர், சத்தம் விட்டு விட்டு வருது' என்று பிள்ளைகள் எழுதாத நாளில்லை. சிக்னல் சரியில்லை என்று நாமும் சமாளித்தோம். ஆனால் சிக்னல் நன்றாக இருந்த வீடுகளிலும் அது நடந்தது. காரணம் உள்ளே நீண்டிருந்த ஒரு கியூ. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வலையமைப்பில் தகவல் சிறு சிறு பொதிகளாகத்தான் போகிறது. சுவிச்சிலோ ரவுட்டரிலோ வெளியேறும் வாயில் நெரிசலானால் பொதிகள் அதன் நினைவகத்தில் வரிசையாக நிற்கும். அந்த இடமும் நிரம்பினால், பிறகு வருவது கைவிடப்படும். பதில் வராததால் அனுப்பிய கணினி திரும்பவும் அனுப்பும்.

1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் பேர்க்லியில் இதுவே வினையானது. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் வெறும் 400 யார். செக்கனுக்கு 32,000 பிட் போன இணைப்பில் 40 பிட் மட்டுமே போனது. எண்ணூறில் ஒரு பங்கு! விழுந்ததையே எல்லோரும் அவசர அவசரமாகத் திருப்பி அனுப்ப, நிரம்பிய கியூ இன்னும் நிரம்பியது. (2022 இல் ஒரே வீட்டிலிருந்து மூன்று பெற்றோல் செட்டில் நின்ற நமக்கு இதை விளக்கவா வேண்டும்?)

வான் ஜேக்கப்சன், மைக்கல் கேரல்ஸ் இருவரும் 1988 இல் வழி சொன்னார்கள். பொதி விழுந்தால் அது நெரிசலின் அறிகுறி. அனுப்புபவர் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இன்றும் இணையம் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

பிறகு நினைவகம் மலிந்தது. பொதி விழுவதே குறை என்று நினைத்துக் கருவிகளில் பெரிய பெரிய கியூக்களை வைத்தார்கள். 2010 இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே ஒரு செக்கனைத் தாண்டும் தாமதத்தைக் கண்டார். பொதி விழாததால் அனுப்புபவருக்கு நெரிசல் தெரியவில்லை. விழுந்த கணக்கைக் காட்டும் எண் பூச்சியத்தில் நிற்க, பார்ப்பவரும் எல்லாம் சரி என்று இருந்துவிடுவார்.

2012 இல் கத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் அளக்கும் பொருளையே மாற்றினார்கள். கியூவில் எத்தனை பொதி என்பதை விட்டுவிட்டு, ஒரு பொதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். 5 மில்லி செக்கனுக்கு மேல் காத்திருப்பு நீடித்தால், இடம் இருந்தாலும் கருவியே ஒரு பொதியைக் கைவிடும்.

அன்று நம் வகுப்பு திக்கியபோது, பல வீடுகளில் இன்னொரு பிள்ளை பக்கத்து அறையில் வீடியோ ஒன்றை அப்லோட் செய்துகொண்டிருந்திருக்கும்.