துருக்கி மொழி விகுதிகளில் உயிரிசைவு: வரலாறும் கற்றலும்

துருக்கி மொழியில் ஒரு சொல்லின் பின் சேரும் விகுதி, அச்சொல்லின் கடைசி உயிரொலிக்கு ஏற்பத் தன் உயிரொலியை மாற்றிக்கொள்ளும். இப்பண்பு உயிரிசைவு எனப்படும். துருக்கிய இனமொழிகள் பலவற்றிலும் மங்கோலியம், பின்னியம், அங்கேரியம் ஆகியவற்றிலும் இது காணப்படுகிறது. துருக்கி மொழியில் உயிரிசைவின் வரலாறு எழுத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. மக்கள் நாவில் நூற்றாண்டுகளாக வழங்கிய இந்த ஒழுங்கை ஒரு காலத்து எழுத்து நன்கு காட்டியது, அடுத்து வந்த எழுத்து பெரும்பாலும் மறைத்தது, 1928இல் வந்த எழுத்து மீண்டும் வெளிப்படுத்தியது.

எட்டு உயிர்கள்

இன்றைய துருக்கி மொழிக்கு 29 எழுத்துகள். அவற்றுள் உயிர் 8, மெய் 21. உயிர்களுள் அ, எ, இ, ஒ, உ ஆகிய ஐந்தும் தமிழருக்குப் பழக்கமானவை. மற்ற மூன்றையும் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, இதழ் குவியாமல் ஒலிக்கும் உகரம். 'நாடு', 'காற்று' என்று பேசும்போது இறுதியில் கேட்கும் குற்றியலுகரம் இதற்கு மிக நெருக்கமானது. துருக்கியர் இதைப் புள்ளியில்லாத 'ஐ' எழுத்தால் எழுதுகின்றனர். இரண்டாவது, நாக்கை எகரத்துக்கு வைத்துக்கொண்டு இதழைக் குவித்து ஒலிக்கும் ஒலி. மூன்றாவது, நாக்கை இகரத்துக்கு வைத்து இதழைக் குவித்து ஒலிப்பது. இக்கட்டுரையில் இம்மூன்றும் முறையே உ°, எ°, இ° எனக் குறிக்கப்படுகின்றன. சிறு வட்டம் வந்தால் நாக்கின் நிலை மாறாது, இதழின் நிலை மட்டும் மாறும் என்று கொள்க.

நாக்கின் முன்பகுதி உயர்ந்து ஒலிப்பவை முன்னுயிர்கள்: இ, எ, இ°, எ°.
நாக்கின் பின்பகுதியைச் சார்ந்தவை பின்னுயிர்கள்: அ, உ°, ஒ, உ.

விகுதிகள் மாறும் முறை

முதல் வகை விகுதிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பன்மை விகுதி 'லர்' அல்லது 'லெர்' என வரும். பின்னுயிருக்குப் பின் லர், முன்னுயிருக்குப் பின் லெர். வீடு என்பதற்கு 'எவ்'; வீடுகள் 'எவ்லெர்'. பள்ளி 'ஒகுல்', பள்ளிகள் 'ஒகுல்லர்'. இடத்தைக் குறிக்கும் 'இல்' உருபும் அவ்வாறே 'த' அல்லது 'தெ' ஆகும். அங்காராவில் என்பதற்கு 'அங்கராத', இஸ்மிரில் என்பதற்கு 'இஸ்மிர்தெ'. இஸ்தான்புல் என்ற பெயரில் முன்னுயிரும் பின்னுயிரும் கலந்துள்ளன. அங்கே கடைசி உயிரான உகரமே தீர்மானிக்கும், எனவே 'இஸ்தான்புல்த'.

இரண்டாம் வகை விகுதிக்கு நான்கு வடிவங்கள். இதில் நாக்கோடு இதழின் குவிவும் கணக்கில் வரும். 'உடைய, உள்ள' என்னும் பொருள்தரும் விகுதியைப் பார்க்கலாம்.

அகு°ல் (அறிவு) – அகு°ல்லு° (அறிவுள்ள)
எவ் (வீடு) – எவ்லி (திருமணமான)
துஸ் (உப்பு) – துஸ்லு (உப்புள்ள)
சி°த் (பால்) – சி°த்லி° (பால் கலந்த)

வீடு உள்ளவர் என்றாலே மணமானவர் என்று பொருள்படுவது, 'இல்லறம்', 'இல்லாள்' என்று வழங்கும் தமிழருக்கு விளக்கம் வேண்டாத செய்தி.

விகுதிகள் அடுக்கடுக்காகச் சேரும்போது ஒவ்வொன்றும் தனக்கு உடனடியாக முன்னிற்கும் உயிரைப் பார்த்தே மாறும். 'எங்கள் பள்ளி' என்பது 'ஒகுலுமுஸ்'. ஆனால் 'எங்கள் பள்ளிகள்' என்பது 'ஒகுல்லரு°மு°ஸ்'. இடையில் 'லர்' புகுந்து அகரத்தைக் கொண்டுவந்துவிட்டதால், அடுத்த விகுதியில் இதழ் குவிவதில்லை. வேர்ச்சொல்லை மட்டும் பார்த்து விகுதியைச் சேர்ப்பவர் தவறுவது இவ்விடத்தில்தான்.

கல்வெட்டில் இருந்த சான்று

துருக்கிய மொழியின் மிகப் பழைய நீண்ட எழுத்துச் சான்றுகளுள் மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்குக் கல்வெட்டுகள் முதன்மையானவை. இளவரசர் குல் திகினுக்கு 732இலும், அவர் தமையன் பில்கெ ககானுக்கு 735இலும் நினைவுக் கற்கள் நிறுவப்பட்டன. உருசிய ஆய்வாளர் நிக்கொலாய் யாத்ரின்த்செவ் 1889இல் இவற்றை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவ்வெழுத்துகளைப் படிக்க எவருக்கும் தெரியவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் வில்லெம் தாம்சன் 1893 டிசம்பரில் அதைப் படித்துவிட்டதாக அறிவித்தார். கல்லின் ஒரு பக்கத்திலிருந்த சீன வாசகம், பெயர்களைக் கண்டறிய உதவியது. உயிரிசைவு மற்றொரு திறவுகோலாக அமைந்தது. அவ்வெழுத்து முறையில் உயிர்களுக்கு நான்கே குறிகள். ஒவ்வொன்றும் இரண்டு உயிர்களுக்குப் பொது. அதற்கு ஈடாக ப, த, ல, ந, ர, ச போன்ற பல மெய்களுக்கு இரண்டிரண்டு குறிகள் இருந்தன. ஒன்று முன்னுயிர்ச் சொற்களிலும் மற்றொன்று பின்னுயிர்ச் சொற்களிலும் வரும். ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு குறிகள் என்ற புதிருக்கு உயிரிசைவு விடை தந்தது. வானத்தையும் கடவுளையும் குறிக்கும் 'தெங்ரி', 'துருக்கியர்' ஆகிய சொற்கள் தாம்சன் முதலில் படித்தவற்றுள் அடங்கும்.

எழுத்து மறைத்த காலம்

இசுலாத்தைத் தழுவிய துருக்கியர் அரபு எழுத்தை ஏற்றனர். மஹ்மூத் அல்-காஷ்கரி 1070களில் தம் புகழ்பெற்ற துருக்கிய அகராதியை அரபு மொழியில் தொகுத்தார். பின்னர் உதுமானியப் பேரரசு முழுவதும் இவ்வெழுத்தே நிலைபெற்றது.

அரபு எழுத்து அரபு மொழிக்கு மிகப் பொருத்தமானது. அதில் உயிர்நிலை எழுத்துகள் மூன்று. துருக்கிக்கு உயிர்கள் எட்டு. ஒ, உ, எ°, இ° என்னும் நான்கையும் 'வாவ்' என்ற ஒரே எழுத்து சுமக்க வேண்டியிருந்தது. அரபியில் ககரத்துக்கு 'காஃப்' என ஒலிக்கும் இரண்டு எழுத்துகள் இருப்பதால், ஒன்றைப் பின்னுயிர்ச் சொல்லுக்கும் மற்றொன்றை முன்னுயிர்ச் சொல்லுக்கும் பயன்படுத்தி ஓரளவு சமாளித்தனர். ககரமோ அதுபோன்ற இரட்டை மெய்யோ இல்லாத சொற்களில் அந்த உதவி கிட்டவில்லை.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 'ஒல்து' என்றால் 'ஆனார்'. 'எ°ல்தி°' என்றால் 'இறந்தார்'. அரபு எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே ஒரே தொடரை 'மெஹ்மெத், பாஷா ஆனார்' என்றும் 'மெஹ்மெத் பாஷா இறந்தார்' என்றும் படிக்க முடியும். பதவி உயர்வா, மரணமா என்பதை முன்பின் செய்திகளைக் கொண்டே அறிய வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இச்சொல்லின் இறந்தகால விகுதி இன்று து°, தி, து, தி° என நான்காக ஒலிக்கும். உதுமானிய எழுத்திலோ அது எப்போதும் 'தி' என்றே எழுதப்பட்டது. இது வெறும் எழுத்துக் குறைபாடு அன்று. பழைய அனத்தோலியத் துருக்கியில் இதழ் இசைவு முழுமை பெறவில்லை. சில விகுதிகளில் இதழ் எப்போதும் குவியும். சிலவற்றில் எப்போதும் குவியாது. 'வந்தேன்' என்பது இன்று 'கெல்திம்', அன்று 'கெல்தி°ம்'. 'எவ்லி' என்பது அன்று 'எவ்லி°'. பேச்சு மெல்ல மாறியது. எழுத்து பழைய வடிவத்திலேயே நின்றது. துருக்கிச் சொற்களை இலத்தீன் எழுத்தில் ஒலிபெயர்த்த ஐரோப்பியர் நூல்கள் இம்மாற்றத்தை அறிய உதவுகின்றன. வியன்னாவில் 1680இல் வெளிவந்த மெனின்ஸ்கியின் பேரகராதி அவற்றுள் ஒன்று.

1928ஆம் ஆண்டின் மாற்றம்

எழுத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு திடீரென எழவில்லை. 1862இல் முனிஃப் பாஷாவும், 1863இல் அசர்பைஜானைச் சேர்ந்த எழுத்தாளர் அகுந்தசாதேவும் இஸ்தான்புல்லில் இதை வலியுறுத்தினர். 1926இல் பாக்கு நகரில் கூடிய துருக்கியவியல் மாநாடு இலத்தீன் எழுத்துக்கு ஆதரவளித்தது.

துருக்கிக் குடியரசின் தலைவர் முஸ்தஃபா கெமால் 1928 ஆகஸ்ட் 9 அன்று இரவு இஸ்தான்புல்லின் குல்ஹானெ பூங்காவில் புதிய எழுத்தை அறிவித்தார். மாற்றத்துக்குச் சில ஆண்டுகள் தேவை என்று குழுவினர் கருதினர். மூன்றே மாதங்களில் முடிய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நவம்பர் 1 அன்று சட்டம் நிறைவேறியது. 1929 சனவரி 1 முதல் நூல்கள் புதிய எழுத்திலேயே அச்சாக வேண்டும் என்றானது. அதே நாளில் பெரியவர்களுக்கான 'மக்கள் பள்ளிகள்' தொடங்கின. முஸ்தஃபா கெமால் தாமே கரும்பலகை முன் நின்று எழுத்துகளைக் கற்பித்தார். 'தலைமை ஆசிரியர்' என்ற பட்டமும் பெற்றார். அதன் நினைவாகவே துருக்கியில் நவம்பர் 24 ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1927 கணக்கெடுப்பின்போது நாட்டில் எழுத்தறிந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. எழுத்தறியாத உழவரும் விகுதியை எப்படி ஒலிப்பது என்பதை அறிந்தே இருந்தார். புதிய எழுத்து அந்தச் செவியறிவை நம்பி அமைந்தது. காதில் விழும் நான்கு வடிவங்களும் நான்காகவே எழுதப்பட்டன. 'ஆனார்', 'இறந்தார்' என்னும் மயக்கம் நீங்கியது.

இழப்பும் இருந்தது. பழைய எழுத்தைக் கற்காத தலைமுறை, தன் பாட்டனாரின் கடிதத்தையும் அவர் கல்லறையின் மேல் பொறித்த பெயரையும் படிக்க இயலாமல் போயிற்று. இரண்டு ககரங்களும் ஒன்றானதால், பனியைக் குறிக்கும் 'கர்' என்ற சொல்லுக்கும் இலாபத்தைக் குறிக்கும் 'க்யார்' என்ற சொல்லுக்கும் வேறுபாடு காட்ட உயிரின் மேல் தனிக்குறி இட வேண்டியதாயிற்று.

விதிக்கு அடங்காதவை

மாணவரை மலைக்க வைக்கும் விலக்குகள் பலவற்றுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நிகழ்கால விகுதியான 'யொர்' எந்த உயிருக்குப் பின்னும் மாறாது. 'வருகிறார்' என்பது 'கெலியொர்'. 'நடத்தல், செல்லல்' என்ற பொருளுடைய தனி வினைச்சொல் தேய்ந்து விகுதியானதே இது. விகுதியான பின்னும் தன் பழைய உயிரை அது கைவிடவில்லை.

'கர்தெஷ்' என்றால் உடன்பிறந்தவர். இதன் பழைய வடிவம் 'கரு°ந்தஷ்', அதாவது ஒரே வயிற்றைப் பகிர்ந்தவர். சகோதரர் என்ற வடசொல்லுக்கும் அதுவே பொருள். பழைய வடிவம் இசைவுக்கு உட்பட்டது. இஸ்தான்புல் வழக்கில் திரிந்த பின் இசைவு கெட்டது. ஆப்பிளைக் குறிக்கும் 'எல்ம' முன்பு 'அல்ம'. தாயைக் குறிக்கும் 'அன்னெ' முன்பு 'அன'. தமிழ் 'அன்னை'யோடு இது ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கற்பிப்பது பொருந்தாது.

கடன் சொற்களும் சிக்கல் தரும். மணி, கடிகாரம் என்று பொருள்படும் 'சாஅத்' அரபுச் சொல். கடைசி உயிர் அகரமாயினும் பன்மை 'சாஅத்லெர்' என்றே வரும். இத்தகைய சொற்களை ஒவ்வொன்றாகவே நினைவில் கொள்ள வேண்டும்.

கால்டுவெல்லும் உயிரிசைவும்

உயிரிசைவைப் பற்றிய ஆய்வு தமிழகத்தையும் தொட்டது. இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தெலுங்கின் உயிரிசைவை எடுத்துக்காட்டினார். தமிழில் 'புலிக்கு', 'ஆவுக்கு' என்று உருபு மாறாமல் வரும். தெலுங்கிலோ 'புலிகி', 'ஆவுகு' என்று முன்னுள்ள உயிருக்கேற்ப மாறும். துருக்கியம், பின்னியம் முதலியவற்றை உள்ளடக்கிய 'சித்திய' மொழிகளோடு திராவிடத்துக்கு உறவு உண்டு என்பதற்கு இதையும் ஒரு சான்றாக அவர் கொண்டார்.

பிற்கால ஆய்வு அவ்வுறவை ஏற்கவில்லை. திராவிடம் தனிக் குடும்பம் என்ற அவரது முதன்மைக் கொள்கை நிலைத்தது. சித்திய உறவு நிலைக்கவில்லை. உயிரிசைவை ஒரு காரணமாகக் கொண்டு துருக்கியத்தையும் அங்கேரியத்தையும் ஒரே குடும்பமாக்கிய கருத்தும் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. நாக்கையும் இதழையும் ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் எளிமை எந்த மொழியிலும் தோன்றலாம். அமைப்பின் ஒற்றுமை மட்டும் பிறப்பின் ஒற்றுமை ஆகாது.

கற்போர் கவனத்துக்கு

துருக்கிக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் முன்பே உயிரிசைவைப் பிழையின்றிக் கையாள்கின்றனர். பள்ளியில் அவர்கள் கற்பது 'பெரிய இசைவு', 'சிறிய இசைவு' என்ற பெயர்களை மட்டுமே. முன்பின் உயிர்ப் பாகுபாடு பெரியது. இதழ்க் குவிவைச் சேர்ந்தது சிறியது.

தமிழருக்கும் இது முற்றிலும் புதிதன்று. கிளி + ஐ 'கிளியை' ஆகிறது. பூ + ஐ 'பூவை' ஆகிறது. முன்னிற்கும் உயிர் எது என்று பார்த்தே யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வருகிறது. தமிழ் பேசுபவர் எவரும் இதை எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. அங்கே மெய் மாறுகிறது. துருக்கியில் விகுதியின் உயிர் மாறுகிறது. விகுதிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்வதைவிட, எவ்லெர், ஒகுல்லர் என முழுச் சொற்களாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எளிது. முன்னுயிரிலிருந்து பின்னுயிருக்குத் தாவும்போது நாவில் ஏற்படும் தடையே நாளடைவில் பிழையைச் சுட்டிக்காட்டும்.